ஒற்றைக்காலும் முக்காலும்: காட்டு நடையில் கனத்த லென்ஸைத் தாங்கும் இரண்டு வழிகள்

வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டச் சாலைகளில் மலை இருவாச்சியை முதலில் கண்டுகொள்வது காதுதான். சிறகடிக்கும் ஓசை, தூரத்தில் நீராவி ரயில் மூச்சு விடுவதைப் போல வரும். தலை நிமிர்வதற்குள் பறவை மரங்களின் மேலே வந்துவிடும். ஒரு நாள் அந்த ஓசை கேட்டபோது என் தோளில் ட்ரைபாட் இருந்தது. இறக்கி, கால்களை விரித்து, மூன்றாவது காலின் பூட்டைத் திருகிக்கொண்டிருக்கையில் ஓசை அடுத்த சரிவுக்குப் போய்விட்டது. அதே வாரத்தில் இன்னொரு நாள், பழுத்திருந்த ஓர் அத்தி மரத்தின் எதிரே ஒற்றைக்கால் தாங்கியான மோனோபாடுடன் ஒன்றரை மணி நேரம் நின்றேன். இருவாச்சி வந்து பழம் பறிக்கத் தொடங்கியபோது என் தோளும் முழங்கையும் சோர்ந்திருந்தன. கிளையில் அசையாமல் அமர்ந்த பறவை, கண்ணாடிக்குள் மேலும் கீழும் அலைந்தது.

முதல் நாள், காத்திருப்பதற்கான கருவியோடு நடந்தேன். இரண்டாம் நாள், நடப்பதற்கான கருவியோடு காத்திருந்தேன். கனத்த டெலிஃபோட்டோ லென்ஸைத் தூக்கிக்கொண்டு மலையேறும் எவரும் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துதான் ஆக வேண்டும். ‘எது லென்ஸை அதிகம் அசையாமல் வைக்கும்’ என்ற கேள்வியோடு பெரும்பாலும் ஒப்பீடு முடிந்துவிடுகிறது. நடந்து போகிறவருக்கு அது பாதிக் கேள்வி. அந்தத் தாங்கி அவருடைய உடலை என்ன செய்கிறது என்பது மீதிப் பாதி.

மயிரிழைக் கணக்கு

600 மில்லிமீட்டர் லென்ஸையும், 24 மெகாபிக்சல் கொண்ட முழுச்சட்ட கேமராவையும் எடுத்துக்கொள்வோம். படத்தின் அகலம் 6000 பிக்சல். ஒவ்வொரு பிக்சலும் ஏறத்தாழ 0.006 மி.மீ. அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால், 10 மீட்டர் தொலைவில் ஒரு பிக்சல் பார்ப்பது வெறும் 0.1 மி.மீ. இடத்தை, தலைமயிரின் பருமனைவிடச் சற்றே அதிகம். இதையே லென்ஸின் பக்கமிருந்து பார்ப்போம். 45 செ.மீ. நீளமுள்ள அந்தக் குழாயின் முன்முனை, பின்முனையை ஒப்பிட்டு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்குகூட நகர வேண்டியதில்லை, படம் ஒரு பிக்சல் இடம்பெயர்ந்துவிடும்.

குவியத் தூரம் எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனையில் ஒரு பங்கு நொடிக்குக் குறையாத வேகத்தில் ஷட்டரை வைக்க வேண்டும் என்ற பழைய விதியின் பொருளும் இந்தக் கணக்கில் தெரியும். கையில் பிடித்த லென்ஸில் காட்சி ஒரு நொடிக்குள் படத்தின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு நகர்வதாக வைத்துக்கொள்வோம். அது நொடிக்கு 600 பிக்சல். 1/600 நொடியில் எடுத்தால் கலங்கல் ஒரு பிக்சலோடு நிற்கும். 1/125 நொடியில் எடுத்தால் ஏறத்தாழ ஐந்து பிக்சல் இழுபடும். இறகின் நுண்வரிகள் அதோடு அழிந்துபோகும்.

வெட்டவெளியில் 1/1000 நொடி எளிது. சோலைக்காட்டின் உள்ளே விடியற்காலையில் கதை வேறு. துளை எஃப்/4, ஐஎஸ்ஓ 3200 என்று வைத்தும் ஷட்டர் 1/125-க்கு இறங்கிவிடும் இடங்கள் உண்டு. தாங்கி இல்லாமல் அங்கே 1/500 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓவை 12,800-க்கு ஏற்ற வேண்டும். நிழல்களில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் எழும். ஆகவே தாங்கி தருவது நிலைப்பை மட்டுமல்ல, நிறத்தையும்தான். தீக்காக்கை என்னும் பறவையின் மார்புச் சிவப்பு சிவப்பாகவே பதிவது அதைப் பொறுத்தது.

சுமை: தோள் போடும் கணக்கு

கனத்த லென்ஸ்கள் மெலிந்து வந்திருக்கின்றன. கேனன் 1999-இல் வெளியிட்ட, ஆட்டத்தை உள்ளேயே அடக்கும் நிலைப்படுத்தியுள்ள 600 மி.மீ. எஃப்/4 லென்ஸ் 5.36 கிலோ. அதன் இரண்டாம் வடிவம் 3.92 கிலோ. 2018-இல் வந்த மூன்றாம் வடிவம் 3.05 கிலோ. சோனியின் 600 மி.மீ. எஃப்/4 லென்ஸும் ஏறக்குறைய அதே எடைதான். அதிகம் பேர் கையில் காணும் 150–600, 200–600 வகை ஜூம்கள் இரண்டு கிலோவை ஒட்டியவை. இரண்டு கிலோவும் மலைப்பாதையின் நான்காவது மணி நேரத்தில் இரண்டு கிலோவாக இருப்பதில்லை.

மூன்று கிலோ லென்ஸ், ஒரு கிலோ கேமரா, ஆக நான்கு. அதைத் தாங்கும் கார்பன் ட்ரைபாட் ஏறத்தாழ இரண்டு கிலோ. மேலே பூட்டி, லென்ஸைச் சமநிலையில் ஏந்தித் திருப்ப உதவும் கிம்பல் தலை ஒன்றரை கிலோவை நெருங்கும். மொத்தம் ஏழரைக்குச் சற்றுக் குறைவு. அதே லென்ஸை மோனோபாடில் ஏற்றினால், தண்டும் முன்பின் சாயும் சிறு தலையும் சேர்ந்தே ஒரு கிலோவுக்குள் முடிந்துவிடும். இரண்டுக்கும் இடையே இரண்டரை கிலோ; இரண்டரை லிட்டர் தண்ணீர். ஒரு பகல் முழுவதும் ஏறி இறங்குகிறவருக்குத் தேவைப்படும் தண்ணீர் அது. ட்ரைபாடைத் தேர்ந்தவர் பலமுறை தன்னையறியாமல் தண்ணீரையோ உணவையோ மழைக்கோட்டையோ விட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்.

சுமைக்கு அஞ்சாத முன்னோர் நமக்கு உண்டு. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தானே உருவாக்கிக்கொண்ட கனத்த கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதைச் சுமந்து அவர் எடுத்த கறுப்பு வெள்ளை யானைப் படங்கள் இன்றும் பாடம். அவருடைய பலம் கருவியின் எடையில் இல்லை. விலங்கு அடுத்து என்ன செய்யும் என்பதை அறிந்திருந்ததில் இருந்தது. அந்த அறிவுக்குக் காட்டில் நெடுநேரம் இருக்க வேண்டும். நெடுநேரம் இருக்க உடலில் தெம்பு மிச்சமிருக்க வேண்டும்.

எந்த ஆட்டத்தை எது அடக்குகிறது?

லென்ஸின் ஆட்டம் ஒன்றல்ல. முதலாவது, தசையின் நடுக்கம். எல்லோருடைய கையும் நொடிக்கு ஏறத்தாழ 8 முதல் 12 முறை நுண்மையாக நடுங்கிக்கொண்டே இருக்கிறது. தசை சோர்ந்தால் நடுக்கம் கூடும். செங்குத்து ஏறி வந்து நின்ற நிமிடத்தில் நான்கு கிலோவைக் கண்ணுக்கு உயர்த்திப் பாருங்கள். அதை உடனே உணர்வீர்கள். இரண்டாவது, உடலின் மெல்லிய ஊசல். நிமிர்ந்து நிற்கும் உடல் மூச்சோடும் நாடியோடும் மெதுவாக அசைந்துகொண்டே இருக்கும். மூன்றாவது, வெளியிலிருந்து வருவது: காற்று, தரையின் அதிர்வு, ஷட்டர் விசையை அழுத்தும் விரல்.

மோனோபாட் முதலாவதை வெல்கிறது. எடை தரைக்கு இறங்கிவிடுவதால் தசைக்குத் தூக்கும் வேலை இல்லை. திசை காட்டுவது மட்டுமே மிச்சம். இரண்டாவதை அது முழுதாக வெல்வதில்லை. தரையில் ஊன்றிய ஒரே புள்ளியைச் சுற்றி, தண்டு எல்லாப் பக்கமும் சாயக்கூடியது. அங்கே மனிதரின் இரண்டு கால்களும் சேர்ந்துதான் மூன்று கால்கள் ஆகின்றன. தண்டின் அடியை ஓரடி முன்னால் ஊன்றி, கால்களைத் தோளகலத்துக்கு விரித்து, உடலைச் சற்று முன்னே சாய்த்து, இடக்கையை லென்ஸின் மேல் வைத்துக் கீழ்நோக்கி மெல்ல அழுத்தி, புருவத்தைக் கண்ணாடியோடு ஒட்டினால் ஊசல் பெருமளவு அடங்கும். பக்கத்தில் மரம் இருந்தால் தண்டை அதன்மேல் சாய்த்துப் பிடிக்கலாம். பாதி மூச்சை விட்டு, மூன்று நான்கு படங்களாகத் தொடர்ந்து எடுத்தால், விரல் அழுத்திய அதிர்வு முதல் படத்தோடு போய்விடும்; நடுவில் உள்ளவை தெளிவாக வரும்.

ட்ரைபாட் முதல் இரண்டையும் ஒருசேர வெல்கிறது. அதன் மேல் கிம்பல் தலை பொருந்தும்போது கனத்த லென்ஸ் எடையற்றதுபோல் ஆகிவிடும். காரணம் எளிது. லென்ஸும் கேமராவும் சேர்ந்த எடையின் மையப்புள்ளி, சாயும் அச்சின்மேலேயே வரும்படி, லென்ஸின் அடியில் பூட்டிய நீளத் தட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பூட்டுகிறோம். பிறகு எங்கே விட்டாலும் லென்ஸ் அங்கேயே நிற்கும். ஒரு விரலால் திருப்பலாம். இதே லென்ஸைச் சாதாரணப் பந்துத் தலையில் ஏற்றுவது ஆபத்து. பூட்டு சற்றுத் தளர்ந்தாலும் மொத்த எடையும் பக்கவாட்டில் கவிழும். விரல் நசுங்கும், சில சமயம் ட்ரைபாடே சாயும்.

மூன்றாவது ஆட்டத்தில் ட்ரைபாடுக்கும் வரம்பு உண்டு. காற்று வீசும் முகட்டில், லென்ஸின் முன்னே நீண்டிருக்கும் வெயில்மறைப்பு பாய்மரம்போல் காற்றைப் பிடிக்கிறது. பையைத் தொங்கவிட்டு எடை கூட்டலாம் என்பார்கள். அந்தப் பை தரையைத் தொடாமல் ஊசலாடினால் அதுவே புதிய அதிர்வைத் தரும். மரப்பலகைக் கண்காணிப்புக் கோபுரத்தில் இன்னொருவர் நடந்தாலே மூன்று கால்களும் அந்த நடையை லென்ஸுக்குக் கொண்டுபோகும். அங்கே மோனோபாடின் நுனியைத் தன் செருப்பின்மேல் ஊன்றி நிற்பவருக்கு, பாதமும் முழங்காலும் அந்த அதிர்வில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்ளும்.

தரை சொல்லும் தீர்ப்பு

மேற்குத் தொடர்ச்சி மலையின் பாதை ஒரே பாதை அல்ல. சோலையின் உள்ளே காலடியில் இலைமக்கு மெத்தையாகக் கிடக்கும். ட்ரைபாடை நட்டதும் சமமாகத் தோன்றும். இரண்டு நிமிடத்தில் ஒரு கால் புதைந்து லென்ஸ் சாயும். ஒவ்வொரு காலையும் அழுத்தி, கெட்டியான மண்ணைத் தொடும்வரை இறக்க வேண்டும். மோனோபாடும் அங்கே புதையும்; ஆனால் புதைவது ஒரே புள்ளி, கை அதை உடனே உணர்ந்து சரிசெய்துவிடும்.

சரிவில் ட்ரைபாடின் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கமும் ஒன்று மேட்டுப் பக்கமும் இருக்க வேண்டும். மாறினால் கவிழும் திசை பள்ளமாகிவிடும். மெல்லிய கீழ்த்துண்டுகளை மடித்தே வைத்து, தடித்த மேல்துண்டுகளை முதலில் நீட்டுவதும், நடுத்தண்டை உயர்த்தாமல் விடுவதும் உறுதிக்கு அடிப்படை. மோனோபாடில் உயரக் கணக்கு வேறு. மரஉச்சியிலுள்ள பறவைக்கு லென்ஸை நிமிர்த்தும்போது கேமராவின் பின்பக்கம் கீழே இறங்கும். கண்ணுயரத்துக்கு அளந்து வாங்கிய தண்டு அப்போது போதாது, நாம் குனிய நேரும். ஆகவே நின்ற உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக நீளும் தண்டு வேண்டும்.

மோனோபாடை ஊன்றுகோலாக்கி இறங்குகிறவர்களை எல்லாப் பாதையிலும் காணலாம். பூட்டுகள் நேர்கீழ் எடைக்கானவை. பக்கவாட்டில் முழு உடலும் சாயும்போது தண்டு வழுக்கி உள்ளே இறங்கலாம். ஈரப்பாறையில் ரப்பர் நுனி சறுக்கும். சமதளத்தில் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். உயிரை அதன்மேல் வைக்கக் கூடாது.

மழைக்காலத்தில் அட்டை சேர்ந்துகொள்கிறது. ட்ரைபாடைத் தாழ இறக்கி, இலைமக்கில் அமர்ந்து எடுப்பதுதான் காட்சிக்கு அழகு. அட்டைக்கும் அதுவே வசதி. அட்டைக்காலுறை இல்லாமல் அப்படி அமர்ந்தவர் ஷட்டரைவிடத் தன் காலைத்தான் அதிகம் பார்ப்பார்.

விலங்கு சொல்லும் தீர்ப்பு

வால்பாறை புதுத்தோட்டம் பக்கத்தில் சோலைமந்திகள் சாலையோர மரங்களில் கூட்டமாக நகரும். ஒன்று கிளையில் அமர்ந்து பழம் உரிக்கும். நாம் சட்டகம் அமைப்பதற்குள் நான்கு மரம் தள்ளிப் போயிருக்கும். கூட்டத்தின் நடைக்கு ஈடாக நாமும் பத்தடி, இருபதடி நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். மோனோபாடின் ஆட்சி அங்கே. தட்டேக்காடு போன்ற பறவைக் காடுகளின் ஒற்றையடித் தடங்களிலும் அதே நிலைதான். வழிகாட்டி கைகாட்டிய திசையில் தீக்காக்கை இன்னும் சில நொடி இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்தத் தடத்தில் மூன்று கால் விரிக்க இடமும் இல்லை. பின்னால் வருகிறவருக்கு வழியும் இல்லை.

பழுத்த அத்தி மரம் இதற்கு நேர்மாறு. அங்கே வந்து போகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு: பச்சைப்புறாவும் குக்குறுவானும் வரும், மலையணில் வரும், இருவாச்சி வரும். எங்கே வருமென்று தெரியும். எப்போது என்றுதான் தெரியாது. லென்ஸைக் கிளையின்மேல் நிறுத்திவிட்டு, கையை எடுத்து, தண்ணீர் குடித்து, வெறும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க ட்ரைபாட் ஒன்றே அனுமதிக்கும். இரவிகுளத்துப் பாறை விளிம்பில் அசைபோட்டுப் படுத்திருக்கும் வரையாடும், வீடியோவில் பதிவாக வேண்டிய எந்தக் காட்சியும் ட்ரைபாடையே கேட்கும். மோனோபாடில் எடுத்த வீடியோவில் உடலின் ஊசல் ஒவ்வொன்றும் பதிந்திருக்கும்.

பறக்கும் பறவைக்கு இரண்டுமே உதவும், வெவ்வேறு விதமாக. திறந்தவெளியில் கிம்பல் தலை வழவழவென்று பின்தொடரும். மரங்களுக்கிடையே திடீரென்று பாயும் பறவைக்கு, தண்டோடு சேர்த்து உடலையே திருப்பும் மோனோபாட் முந்திக்கொள்ளும். எதில் ஏற்றினாலும் ஒன்றை மறக்கக் கூடாது. தாங்கி நம் ஆட்டத்தைத்தான் நிறுத்தும், விலங்கின் அசைவை நிறுத்தாது. தாவும் மந்திக்கு ட்ரைபாடிலும் 1/1000 நொடி வேண்டும். நண்பகல் வெயிலில் காற்று அலையும்போது தொலைவுப் படம் கலங்குவதையும் எந்தத் தாங்கியும் தடுக்காது; நெருக்கமோ விடியற்காலையோதான் அதற்கு மருந்து.

லென்ஸுக்குள் ஒரு மூன்றாம் தாங்கி

கழற்றி மாற்றும் லென்ஸ்களில் 1995-இல் கேனனின் 75–300 ஜூமோடு தொடங்கிய உள்நிலைப்படுத்தி இந்த ஒப்பீட்டின் எடையையே மாற்றிவிட்டது. ஐஎஸ், விஆர், ஓஎஸ்எஸ் என்று நிறுவனத்துக்கு ஒரு பெயர், வேலை ஒன்றே. ஆட்டத்தை உணர்ந்து, லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியை எதிர்த்திசையில் நகர்த்துகிறது. மோனோபாடால் அடங்காத உடல் ஊசலில் பெரும்பகுதியை இதுவே விழுங்குகிறது. தசைநடுக்கத்தைத் தண்டும் மிச்சத்தை நிலைப்படுத்தியும் பகிர்ந்துகொள்ளும்போது, 1/125 நொடியில் 600 மி.மீ. படம் கூர்மையாக வருவது பயிற்சியால் எட்டக்கூடியதாகிறது. மோனோபாடில் அதை எப்போதும் இயக்கியே வைக்கலாம்.

ட்ரைபாடில் எச்சரிக்கை வேண்டும். பழைய லென்ஸ்களில் இதை அணைத்துவிட வேண்டும். ஆடாத இடத்தில் ஆட்டத்தைத் தேடி, கருவி தானே ஆட்டத்தை உண்டாக்கிவிடும். புதியவை பல, ட்ரைபாடை உணர்ந்து தாமே அடங்கிவிடுகின்றன. பறவையைப் பின்தொடரும்போது பக்கவாட்டு நகர்வைத் திருத்தாத, நிலைப்படுத்தியின் இரண்டாம் இயக்கமுறையைத் தேர்வது நல்லது. நிலைப்படுத்தி வருவதற்கு முன்பு ட்ரைபாடுக்கும் மோனோபாடுக்கும் இடையே பெரும் பள்ளம் இருந்தது. இன்று அசையாத உயிரைப் படமெடுப்பதில் அந்தப் பள்ளம் தாண்டிவிடும் அகலத்துக்குச் சுருங்கிவிட்டது.

காட்டின் பக்கம் நின்று பார்த்தால்

வால்பாறையில் யானைகள் அருகில் இருப்பதைத் தெரிவிக்கச் சாலையோரங்களில் சிவப்பு விளக்குகள் மின்னும். அப்படியொரு நிலத்தில் நடக்கிறவர் எந்த நொடியும் பின்வாங்க ஆயத்தமாக இருக்க வேண்டும். மோனோபாட் கையோடு வந்துவிடும். விரித்து நட்ட ட்ரைபாட் அப்படி வராது. விலை உயர்ந்த லென்ஸை விட்டுவர மனமும் வராது. அந்தத் தயக்கமே அபாயம்.

மறுபக்கமும் உண்டு. எளிதாக நகர முடிகிறவர் எளிதாக நெருங்கியும் விடுவார். இன்னும் நாலடி, இன்னும் நாலடி என்று விலங்கைத் தள்ளிக்கொண்டே போகும் பழக்கம் மோனோபாட்காரரிடம் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ட்ரைபாட் ஓரிடத்தில் உட்கார வைக்கிறது. உட்கார்ந்தவரைக் காடு கொஞ்ச நேரத்தில் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அந்த இடம் கூட்டின் அடியாக இருக்கக் கூடாது. இரை ஊட்ட வரும் பறவையை நம் காத்திருப்பு தயங்க வைக்கும். பழமரம் இருக்கையில் கூட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. காப்புக்காட்டில் வனத்துறையின் அனுமதியின்றி நுழைவது குற்றம் என்பது இருவருக்கும் பொது. அனுமதியும் வழிகாட்டியும் உள்ள பாதைகளே போதுமான அளவு நிறைந்திருக்கின்றன.

எதை எடுத்துப் போவது?

ஒரு மரத்துக்குப் போகிறேனா, ஒரு பாதைக்குப் போகிறேனா? முந்தின இரவு இதைக் கேட்டுக்கொண்டால் விடை வந்துவிடும். இடம் தெரிந்து, வண்டி நிற்கும் இடத்திலிருந்து சற்றுத் தொலைவே நடந்து, மணிக்கணக்கில் அமரப் போகும் நாளுக்கு ட்ரைபாடும் கிம்பலும். வீடியோ எடுக்கும் நாளுக்கும் அவையே. வழியெல்லாம் தேடி, ஏறி இறங்கி, எது கிடைக்குமென்று தெரியாமல் நடக்கும் நாளுக்கு மோனோபாட். அந்த நடையில் எதிர்பாராமல் காத்திருக்க நேர்ந்தால், முதுகுப்பையைப் பாறைமேல் வைத்து லென்ஸை அதில் கிடத்துங்கள். ட்ரைபாடின் வேலையில் பாதியை அது செய்துவிடும்.

ஒன்றை மட்டுமே வாங்க முடிகிற புதியவருக்கு என் பரிந்துரை மோனோபாட். ட்ரைபாடின் நிலைப்பு உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த நிலைப்பு, அதை அந்த இடம்வரை சுமந்து சென்ற உடலுக்குத்தான் கிடைக்கிறது. பாதி வழியில் களைத்துத் திரும்பியவரின் ட்ரைபாடும், கனத்துக்கு அஞ்சி அறையிலேயே விட்டுவந்த ட்ரைபாடும் ஒரு பிக்சலைக்கூடக் காப்பாற்றியதில்லை. காட்டில் பெரும்பாலான நாட்கள் படமில்லாத நாட்கள். அப்படியொரு நாள் முடிந்து, தோள் வலிக்காமல் இறங்கி வந்தவர்தான் மறுநாள் விடியுமுன் எழுந்து மீண்டும் கிளம்புவார். இருவாச்சியும் அவர் போகும் நாளில்தான் வரும்.